மற்றும் பலரில் ஒரு சவரிமுத்து

புதிதாக ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கியிருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். மிஷினைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள், பாவம். அதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் மிஷின் தானாக ஓடுகிறது. போன மாதம் ஒரு தியேட்டருக்குப் போயிருந்தேன். மேலே படம் ஓடிக்கொண்டிருக்க, ஆபரேட்டர் தம்பி கீழே எனக்குப் பக்கத்தில் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நான் அப்படிச் செய்திருந்தால் கொட்டகையே எரிந்திருக்கும். எங்கள் காலத்து பிலிம் அந்த மாதிரி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரம் கண்ணை எடுத்தாலும் பற்றிக்கொள்ளும்.

ஆகவே மிஷினை விடுங்கள். சவரிமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். உங்களில் யாருக்கும் அவனைத் தெரிந்திருக்காது. மூன்றே படத்தில் நடித்துவிட்டு இருபத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்த நடிகன். மூன்று படத்தையும் அவன் ஊர்ப் பக்கம் ஓட்டிக் காட்டியவன் நான்தான். மூன்றிலும் ஒவ்வொரு கோளாறு செய்தேன். முதல் இரண்டுக்கு நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அரியலூர், பெரம்பலூர் என்று மாறி மாறிக் கூடாரம் அடிக்கும் ஒரு டூரிங் டாக்கீஸில் எனக்கு வேலை. ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அதற்குள் ஜனங்கள் கடலை வாங்கி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுவார்கள். முன்னால் மணல் தரை, பின்னால் பெஞ்சு, பெண்களுக்குத் தட்டி மறைத்துத் தனிப் பக்கம். மேனேஜர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் வாயைத் திறந்தால் "உன்னை வேலையை விட்டு எடுத்துட்டேன்" என்பார். அப்படி என்னை எத்தனை தடவை எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. மறுநாள் காலையில், "ஏன்யா இன்னும் மிஷினைத் துடைக்கல?" என்று அவரே வந்து நிற்பார்.

அரியலூர்க் கூடாரத்தில் ஒரு சாயங்காலம் கேபின் வாசலில் ஒருவன் வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடி, வழித்து வாரிய எண்ணெய்த் தலை, பளபளவென்று ஒரு சட்டை. முழங்காலுக்குக் கீழே மட்டும் வண்டிப்பாதைப் புழுதி.

"அண்ணே, இந்தப் படத்துல நான் நடிச்சிருக்கேன்."

"பேரு?"

"எஸ். எம். குமார்."

எட்டிப் போஸ்டரைப் பார்த்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை.

"கடைசி வரியப் பாருங்கண்ணே. 'மற்றும் பலர்'னு போட்டிருக்கா? அதுல ரெண்டாவது ஆளு நான்தான்."

"மொத ஆளு யாரு?"

"அவன் யானையப் புடிச்சிக்கிட்டு நிப்பான்ணே. அதனால அவன முன்னுக்கு வெச்சிட்டாங்க."

இப்படிப் பேசுகிறவனை எப்படிப் பிடிக்காமல் போகும்? உட்கார வைத்து விசாரித்தேன். சொந்தப் பெயர் சவரிமுத்து. ஏலாக்குறிச்சிப் பையன், அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. கொஞ்சம் நிலத்தை அம்மாவும் தாய்மாமனும் பார்த்துக்கொள்கிறார்கள். கோயில் திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டி, பிறகு ஒரு நாடகக் கம்பெனியோடு சொல்லாமல் கிளம்பி, அங்கிருந்து கோயமுத்தூர் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். ஊரிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தான்.

"அம்மா வரலியா?"

"அது சினிமாவுக்கு வராதுண்ணே. பாவம்னு மாதா கோயில் சாமியாரு பிரசங்கம் வெச்சிருக்காரு. நான் நல்ல வேஷமா பண்ணா தன்னால வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ஒரே ஒரு உதவி. நம்ம சீன் வர்றப்ப வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க."

கூட்டி வைத்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். அதோடு நிற்காமல், நடிகனாயிற்றே, மரியாதை செய்ய வேண்டுமே என்று கேபினுக்கு நேர் முன்னால் இருந்த பெஞ்சில் அவனை நானே உட்கார வைத்தேன். தர்பார் காட்சி வந்தது. ராஜாவுக்குப் பக்கத்தில் இவன் கத்தியோடு நிற்க வேண்டும். வந்ததுதான் தாமதம், ஆனந்தம் தாங்காமல் பெஞ்சு மேல் ஏறி, "இதோ! இதோ நான்!" என்று கத்தினான். அவன் தலை நேராக ஒளிக்கு நடுவில் வந்துவிட்டது. திரையில் ராஜாவும் இல்லை, இவனும் இல்லை. கன்னங்கரேலென்று ஒரு பெரிய தலையும் இரண்டு காதும்தான் தெரிந்தன. வெளிச்சத்தை வேறு கூட்டியிருந்தேனா, காது மடல் வரைக்கும் துல்லியம். அவன் இறங்குவதற்குள் காட்சி முடிந்துவிட்டது.

ஏலாக்குறிச்சிக்காரர் ஒருவர் மணலிலிருந்து நிதானமாகச் சொன்னார். "நம்ம சவரிக்குக் காது நல்லா வந்திருக்குடா."

முக்கியமான ஆள் வந்தால் எங்கே உட்கார வைக்கிறோம் என்று இரண்டு தடவை யோசியுங்கள். அவ்வளவுதான் இதில் பாடம். எனக்கு அன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டாவது படம் பெரம்பலூரில். இந்தத் தடவை அவனுக்கு ஒரு வரி வசனம். எதிரி கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான் என்று ஓடி வந்து ராஜாவிடம் சொல்ல வேண்டும். பையன் மறுபடியும் ஆஜர். நான் முன்னெச்சரிக்கையாக ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். பாருங்கள், அவன் ஓடி வருகிற காட்சியில், பிலிமிலிருந்து சத்தத்தை எடுக்கும் சின்ன பல்பு போய்விட்டது. படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. ஜனம் எழுந்துவிட்டது. அப்போது படத்தை நிறுத்தினால் பெஞ்சு மிஞ்சாது. ஓடுகிற மிஷினிலேயே பல்பைக் கழற்றப் போய் விரல் சுட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் மரமாக நின்றேன்.

அப்போது ஓரத்துப் பெஞ்சிலிருந்து கணீரென்று ஒரு குரல். "மன்னா! எதிரி கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான்!" திரையில் அவன் வாய் அசைய, பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. இம்மி பிசகவில்லை. கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு கொட்டகை அதிரக் கைதட்டியது. அதோடு விட்டானா? ராஜாவுக்கும் அவனே பதில் சொன்னான். மந்திரிக்கும் பேசினான். நான் பல்பு மாட்டி முடிப்பதற்குள் மகாராணி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் அவனே அழுதான்.

மறுநாள் அரும்பாவூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து டிக்கெட் ஜன்னலில் நின்று, "இன்னிக்கும் அந்தப் பையன் பேசுவாருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தது. நான் மரமாக நின்றதைச் சமயோசிதம் என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. நீங்களும் இப்படிக் கிடைக்கிற பெயரை மறுக்காதீர்கள். ஆனால் நீங்களே அதை நம்பிவிடாதீர்கள்.

பல்பு போன அன்று ராத்திரி கிளம்பும்போது சவரிமுத்து என் சுட்ட விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, அடுத்த படத்துல பெரிய வேஷம். இளவரசனுக்குச் சிநேகிதன். பேரு போஸ்டர்ல வருது. இந்தத் தடவ அம்மா வரும்ணே, பாருங்க."

போஸ்டர் வந்தது. எஸ். எம். குமார் என்று ஐந்தாவது பெயர். ஆனால் போஸ்டர் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே அவன் போய்விட்டான். கோயமுத்தூரில் விஷக்காய்ச்சல். தந்தி ஏலாக்குறிச்சிக்கு வந்து, அம்மாவும் மாமனும் ரயில் பிடித்துப் போய் இறங்குவதற்குள் கம்பெனி ஆட்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். காய்ச்சல் தொத்திக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்தினார்களாம். அவன் அம்மா ஆரோக்கியம்மாள் பார்த்தது மண்மேட்டைத்தான். இதைக் கேட்ட அன்று நான் கேபினுக்குள் உட்கார்ந்து அழுதேன். சொந்தத் தம்பி செத்த மாதிரி இருந்தது எனக்கு.

படம் அரியலூரில் ஓடிய கடைசி நாள் மத்தியானம் தாய்மாமன் ஞானப்பிரகாசம் வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சாயங்காலம் அக்கா படத்துக்கு வருதுங்க. யாரு சொல்லியும் கேக்கல. நாலு மாசமா சரியா சோறு தண்ணி இல்ல. இதுல அவன் சாவுறானாமே?"

ஆமாம், சாகிறான். ஒன்பதாவது ரீலில் இளவரசன் மேல் வருகிற அம்பைத் தன் மார்பில் வாங்கி, அவன் மடியிலேயே உயிரை விடுகிறான். பிறகு முகத்தைத் திரை நிறையக் காட்டுவார்கள்.

"அந்த எடத்த மட்டும் காட்டாதீங்க தம்பி. அது தாங்காது. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மேனேஜரிடம் சொன்னேன். "வெட்டுய்யா, என்ஜின் எண்ணெயும் மிச்சம்" என்றார் சந்தோஷமாக. கரண்ட் கொடுக்கிற என்ஜினுக்கு யுத்தத்தினால் எண்ணெய் கிடைக்காமல் நாங்கள் ஒரே ஆட்டமாக ஓட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அம்பு கிளம்புகிற இடத்திலிருந்து முகம் மறைகிற இடம் வரைக்கும் கத்தரித்து, தனியாகச் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி வேறு.

ஆரோக்கியம்மாள் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் மணலில் உட்கார்ந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. கேபின் ஓட்டை வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் திரையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் பாடினான், சிரித்தான், குதிரையில் ஏறிப் போனான். ஒன்பதாவது ரீலில் அம்பு கிளம்பவே இல்லை. ஆனால் அடுத்த நொடி இளவரசன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஜனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "டேய் ஆபரேட்டரு, ஆளு எங்கடா?" என்று ஒரே விசில். அந்த அம்மாள் திரையின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் முடிகிற வரைக்கும் மகனைத் தேடிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் போன பிறகு நேராகக் கேபினுக்கு வந்தார். பின்னால் ஞானப்பிரகாசம் எனக்குக் கண்ஜாடை காட்டிக்கொண்டே வந்தார்.

"தம்பி, படத்துல எம்புள்ள என்ன ஆனான்?"

"அவரு... ஊருக்குப் போயிட்டாரும்மா."

"எந்த ஊருக்கு?"

நான் கையிலிருந்த ரீலைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"திருச்சியில பாத்துட்டு வந்தவுங்க சொன்னாங்க, அம்பு பட்டுச் சாவுறான்னு. அதப் பாக்கத்தான் தம்பி நான் வந்தேன். பாட்டுக் கேக்கவா வந்தேன்?" சத்தமே போடாமல் பேசினார். "கோயமுத்தூர்ல எனக்குக் காட்டாம மூடிட்டாங்க. நீயும் மூடிட்டியா?"

ஞானப்பிரகாசம், "அக்கா, நாந்தான் உன் நல்லதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு எது தாங்கும்னு எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களாடா?"

தம்பிகளா, என் சர்வீஸில் கொட்டகையில் தீப்பிடித்திருக்கிறது, காற்றில் கூடாரம் பறந்திருக்கிறது. அதற்கெல்லாம் நான் தலை குனிந்ததில்லை. இந்த ஒரு கேள்விக்குக் குனிந்தேன். நான், மாமன், மேனேஜர் என்று மூன்று ஆம்பளைகள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அன்று சாயங்காலமே வந்து உட்காரப் போகிற அந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

என்ஜினை அதற்குள் அணைத்துவிட்டார்கள். "நாளைக்கு மத்தியானம் வாங்கம்மா. நான் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். மறுநாள் சாயங்காலப் பாசஞ்சரில் பிலிம் பெட்டி அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். கூடாரத்தைப் பிரித்து வண்டியில் பெரம்பலூருக்கு ஏற்ற வேண்டும். மீதி எண்ணெயைத் தொடக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டப்பகலில் டூரிங் டாக்கீஸில் யார் படம் காட்டுவார்கள்?

மறுநாள் அவர்கள் வந்தபோது திரையைக் கழற்றியாகிவிட்டது. ஸ்பீக்கர் வண்டியில் ஏறிவிட்டது. மேனேஜர் வீட்டுச் சாப்பாட்டு அடுக்கோடு மரத்தடிக்குச் சாப்பிடப் போயிருந்தார். படம் சின்னதாக விழுந்தால் வெளிச்சம் கூடும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. துவைத்து வைத்திருந்த என் வேட்டியைக் கேபினுக்கு வெளியே, மிஷினிலிருந்து நாலு எட்டு தூரத்தில் இழுத்துக் கட்டினேன். சுற்றிலும் மேலேயும் பாய், சாக்கு, தார்ப்பாய் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு மறைத்தேன். வெட்டிய துண்டை மட்டும் மாட்டி, லென்ஸை முன்னுக்கு இழுத்து, என்ஜினைக் கிளப்பச் சொன்னேன்.

உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. சத்தம் இல்லாத படம். மிஷின் கடகடவென்று ஓடுகிறது. அம்பு வந்தது, விழுந்தான், இளவரசன் மடியில் சாய்ந்தான், ஏதோ சொன்னான். பிறகு முகம். பெரிய திரையில் பனைமரம் உயரத்துக்கு வருகிற முகம், என் வேட்டியில் ஆள் முகம் அளவுக்கு வந்தது. கையெட்டும் தூரத்தில் சவரிமுத்து செத்துக் கிடந்தான். ஆரோக்கியம்மாள் அழவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார்.

பிலிமைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்ஜின் சத்தம் கேட்டு மேனேஜர் பாதிச் சாப்பாட்டில் ஓடி வந்துவிட்டார். "எவன்டா எண்ணெயத் தொட்டது? உன்னை வேலையை விட்டு..." என்று பாயை விலக்கி உள்ளே வந்தவர், வேட்டியையும் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அம்மாளையும் பார்த்தார். அவர் விலக்கிய இடத்தில் வெயில் உள்ளே விழுந்தது. அந்த இடைவெளியில் முதுகைக் கொடுத்து, வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது தடவை ஓட்டியபோதுதான் அந்த அம்மாள் அழுதார். கோயமுத்தூரில் அழ முடியாமல் போனதையெல்லாம் சேர்த்து அழுதார். மாமனும் அழுதார். நான் மிஷினில் ஒரு கண்ணும் அவர்கள் மேல் ஒரு கண்ணுமாக நின்றேன். "இன்னொரு தடவ" என்றார் மறுபடியும். கேட்கப் பயந்துகொண்டே மேனேஜரைப் பார்த்தேன். "ஓட்டுய்யா" என்றார்.

மூன்றாவது தடவை, முகம் வந்து நின்ற இடத்தில், அந்த அம்மாள் திடீரென்று முன்னால் நகர்ந்து, "டேய் ஞானம், பாருடா! பாருடா!" என்று கத்தினார். நானும் குனிந்து பார்த்தேன். எத்தனை நாள் அந்தப் படத்தை ஓட்டியிருக்கிறேன், அதை ஒரு தடவையும் கவனிக்கவில்லை. செத்துக் கிடந்த பயல், காட்சி முடிகிற சமயத்தில், இடது கண்ணைக் கீற்றாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறான்.

"சின்னதுலேருந்து இவனுக்கு இதான் வேல," என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். "வம்பு பண்ணி அடி வாங்குறதுக்கு முந்தி செத்தவனாட்டம் படுத்துக்குவான். நான் பயந்துட்டேனா இல்லியான்னு ஒத்தக் கண்ணால பாப்பான். திருட்டுப் பய! இன்னும் பாக்குறான் பாரு!" கையை நீட்டி வேட்டியில் அந்தக் கண்ணைத் தொட்டார். "பாத்துட்டேன்டா. நான் பாத்துட்டேன். கண்ண மூடிக்க." துண்டு ஓடி முடிந்து, வெறும் வெளிச்சம் அவர் கைமேல் விழுந்தது. நான் விளக்கை அணைத்தேன்.

வெளியே வந்து முகம் கழுவினார். மேனேஜர் வீட்டிலிருந்து வந்திருந்த சாப்பாட்டில் மீதியைக் கொடுத்தோம். மறுக்காமல் சாப்பிட்டார். வண்டியில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, போற ஊருல எல்லாம் இத வெட்டாம காட்டச் சொல்லு. கோயமுத்தூர்ல எம்புள்ளைக்கு அழ ஒரு ஆளில்ல. ஊரூருக்கு நாலு பேராச்சும் அழட்டும்."

அந்தத் துண்டை ஒரு பிரேம்கூடக் குறையாமல் அதன் இடத்தில் ஒட்டினேன். ஒரு காகிதத்தில், "ஒன்பதாவது ரீலில் யாரும் கத்தரி வைக்கக் கூடாது. தாயார் உத்தரவு" என்று எழுதி டப்பாவுக்குள் போட்டேன். மேனேஜர் அதை எடுத்துப் படித்தார்.

"யாரு தாயார்னு கேப்பானுங்களேய்யா?"

"கேக்கட்டும் சார்."

அவர் என் பென்சிலை வாங்கி, "தாயார்" என்ற வார்த்தைக்கு முன்னால் "நடிகர் எஸ். எம். குமாரின்" என்று சேர்த்து எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டுப் பெட்டியை மூடினார்.